மூன்றாம் நம்பர் டோக்கன்

ஆணியில் மூன்றாம் நம்பர் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலரை, ஐந்து இருக்கும். இட்லி மாவு வாங்க வந்த கடைசி ஆளை அனுப்பிவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பினேன். சுவரில் இருந்த பலகை கண்ணில் பட்டது. முதல் ஆணி காலி, அதாவது என் கணவர் தயாளன் வீட்டில் இருக்கிறார், தூங்குகிறார். இரண்டாவது ஆணி காலி, அது நான். மூன்றாவதில் மட்டும் மஞ்சள் வில்லை. என் மகள் திவ்யா இன்னும் திரும்பவில்லை.

பத்து மணிக்குப் போனவள். போனும் கையில் இல்லை, ஏனென்றால் அவள் போன்தான் கடை போன். ஞாயிறன்று ஆர்டர் கொட்டும், போன் மேஜையை விட்டு நகரக் கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது? அவள் போகும் முன் எங்களுக்குள் பெரிய சண்டை. "போறதுன்னா இப்பவே போ" என்று கடைசியாகச் சொன்னது நான்தான்.

போர்டு மாறிய கதை

போன வாரம் இந்தத் தொடரில் ஜெராக்ஸ் மிஷினை விற்ற கதையோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, ஒரே கடையில் மொத்தம் எத்தனை தொழில்தான் செய்தீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா, எனக்கே விரல் விட்டு எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி, தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸுக்கு வந்த புதிதில், குவார்ட்டர்ஸ் வீட்டின் முன்னறையில் எஸ்.டி.டி. பூத் வைத்தேன். ஊரே வெளியூர் மகனோடு பேச என் கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து கத்தியது. ஆளுக்கொரு செல்போன் வந்தது, கூண்டு கோழி வளர்க்கப் போனது. அப்புறம் ஜெராக்ஸ். அப்புறம் நாலு கம்ப்யூட்டர் வாங்கி, பிளைவுட்டில் நாலு கேபின் அடித்து, பிரவுசிங் சென்டர். இன்டர்நெட்டும் செல்போனுக்குள் போயிற்று. பிறகு ரீசார்ஜ், ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பித் தருவது, செல்போன் உறை. கொரோனா வந்து ஊர் அடங்கியபோது எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து இட்லி தின்றார்கள். அன்றைக்குப் பிடித்ததுதான் மாவு வியாபாரம்.

ஒவ்வொரு முறையும் பெயிண்டர் வந்து போர்டின் பின்பாதியை அழித்து எழுதிவிட்டுப் போவார். "செல்வி" என்ற முன்பாதி மட்டும் அப்படியே இருக்கும். ஒருமுறை அவர், அக்கா, அடுத்தது என்ன என்று இப்பவே சொன்னால் கொஞ்சம் இடம் விட்டு எழுதுகிறேன் என்றார். கேலிதான், ஆனாலும் நான் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

அப்படி மாறியவள் நான். மாற்றத்தைக் கண்டு பயப்படாதே என்று மகளிர் குழு கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். கை தட்டினார்கள்.

பலகை வந்த விதம்

எங்கள் ஊரில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கொரு நம்பர் போட்ட பித்தளை டோக்கன். விளக்கை வாங்கும்போது டோக்கனைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். ஷிப்ட் முடிந்து ஏறி வந்தவுடன் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மேலே ஒரு டோக்கன் மிச்சம் தொங்கினால், கீழே ஓர் ஆள் மிச்சம் இருக்கிறான். அவன் கிடைக்கும் வரை யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆனால் அந்தப் புத்தி எங்களை விடவில்லை. திவ்யா முதல்முதலாகத் தனியாக டியூஷனுக்குப் போன வாரம், பிரவுசிங் சென்டரில் மிச்சமிருந்த பிளாஸ்டிக் டோக்கன்களை எடுத்து, பலகையில் ஆணி அடித்து, கடைச் சுவரில் மாட்டினேன். வெளியே போகும்போது மாட்டு, வந்ததும் எடு. அவ்வளவுதான்.

என் கணவர் காலை ஐந்து மணிக்கு முன்பே மாரிக்குப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறவர். திரும்ப இருட்டிவிடும். இருபது வருஷமாக அதே ரயில். அவரும் ஒருநாள் தவறாமல் டோக்கன் மாட்டிவிட்டுத்தான் போவார். பாதித் தூக்கத்தில் என் டோக்கனை மாட்டிவிட்டுப் போன நாட்களும் உண்டு. அன்றெல்லாம் நான் கடையில் நின்றுகொண்டே காணாமல் போயிருந்தேன்.

திவ்யா மட்டும், இந்தக் காலத்தில் லொகேஷன் அனுப்பினால் போதாதா என்று சலித்துக்கொள்வாள். போதாது என்பேன். லொகேஷன் போன் இருக்கும் இடத்தைத்தான் சொல்லும், ஆள் இருக்கும் இடத்தையா சொல்லும்?

சண்டை எதற்கு

டிப்ளமோ முடித்தவளுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை சேர வேண்டும். அப்பா போலத் தினமும் ரயிலில் போய் வா என்றேன் நான். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், எனக்கு அப்பா மாதிரி நின்றுகொண்டே தூங்க வராது என்றாள் அவள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே பெண்கள் தங்கும் பி.ஜி. ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். ஒரே ஒரு கட்டில்தான் காலி. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் சொல்லாவிட்டால் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

நான் சொன்ன காரணங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். பெங்களூரில் தண்ணீர் கஷ்டம் என்றேன். பேத்தமங்களா ஏரித் தண்ணிக்கு நாம் குடத்தோடு நிற்காத நாளா என்று கேட்டாள். பி.ஜி. சாம்பாரில் வெல்லம் போடுவார்கள் என்றேன். கடை ஆர்டரை யார் பார்ப்பது என்றேன். பாருங்கள், பெற்ற பெண்ணை அனுப்ப மாட்டேன் என்பதற்கு மாவு ஆர்டரைக் காரணம் சொல்லியிருக்கிறேன்.

உண்மைக் காரணம் வேறு. அவள் போய்விட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எஸ்.டி.டி. போனால் ஜெராக்ஸ் வைக்கலாம். ஒற்றைப் பெண் போனால் எதை வைப்பது?

லெவல் லெவலாகத் தேடியது

பலகையைப் பார்த்த ஐந்தாவது நிமிஷம் தெருவில் நின்றேன். அவள் தோழி வீட்டுக்குப் போன் செய்தால், பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டாள் ஆன்ட்டி என்கிறாள்.

எதிர்வீட்டு பலராமன் மாமா சுரங்கத்தில் ஷிப்ட் பாஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. டோக்கன் தொங்குகிறது என்று நான் சொன்னதுதான் தாமதம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் பலகை முன் நின்றார்.

"டோக்கன் மேல தொங்குதுன்னா ஆள் கீழ கீதுன்னு அர்த்தம். ஒருத்தரும் வீட்டுக்குப் போவக் கூடாது."

ஒருவரும் போகவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் இருந்த அத்தனை வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சுரங்கத்தில் ஆழத்தைப் பிரிப்பது போல மாமா ஊரை நாலு லெவலாகப் பிரித்தார். முதல் லெவல் கடைத்தெருவும் கோவிலும். இரண்டாவது லெவல் கிரவுண்டும் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மண்மேடும். மூன்றாவது லெவல் ரயில்வே ஸ்டேஷன். நாலாவது லெவல் பேத்தமங்களா ஏரிக்கரை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட தயாளன் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இரண்டாவது லெவலுக்கு ஓடினார். நான் மாமாவின் ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போனேன். ஓடுகிற கிரைண்டரை நிறுத்தி, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, கடை போனை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

எல்லாரும் எல்லா இடமும் தேடினோம். வீட்டுக்குள் மட்டும் ஒருவரும் தேடவில்லை. சுரங்கத்தில் ஆள் தொலைந்தால் விளக்கு கொடுக்கிற அறையிலா போய்த் தேடுவார்கள்? டோக்கன் சொல்லிவிட்டது, ஆள் வெளியே. அதற்கு மேல் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வராது.

ஸ்டேஷனில் நாய் ஒன்றும் வேர்க்கடலை விற்பவர் ஒருவரும் இருந்தார்கள். கடலைக்காரரிடம் பச்சை சுடிதார், ஒல்லியான பெண் என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பி.ஜி. நடத்தும் அம்மாள். ஆறு மணி ஆகப் போகிறது, கட்டில் வேண்டுமா வேண்டாமா என்று கன்னடத்தில் கேட்டார். என் பெண் அங்கே வந்தாளா என்று கேட்டேன். இல்லையே என்றார். அவ்வளவுதான், பார்த்தே இராத அந்த அம்மாளிடம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். நான்தான் இப்பவே போ என்று சொல்லிவிட்டேன் என்று அரைக் கன்னடத்தில் சொல்லிச் சொல்லி அழுதேன்.

அவர் போனை வைக்கவில்லை. கிடைத்துவிடுவாள், அழாதீர்கள் என்றார். அந்தக் கட்டிலை நாளை வரைக்கும் யாருக்கும் தர மாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு அப்போது கட்டிலா முக்கியம்? ஆனால் சொன்னாரே.

வரிசையில் நின்றேன்

திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே தெரிந்தது, எங்கள் கடை முன்னால் கூட்டம். மாமா ஸ்கூட்டரை மெதுவாக்கினார். ஒரு வீட்டு முன்னால் அந்த மாதிரி கூட்டம் எதற்குக் கூடும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இறங்கி நடக்கிறேன், நடக்கிறேன், கடை வரவே மாட்டேன் என்கிறது.

கிட்டப் போனால், கூட்டம் வரிசையாக நிற்கிறது. ஆளுக்கொரு பாத்திரம் கையில். தேடப் போனவர்களின் வீட்டுப் பெண்கள்தான். அன்று ஒரு வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கவில்லை, ராத்திரிக்குத் தோசையாவது ஊற்றலாம் என்று மாவு வாங்க வந்துவிட்டார்கள். திறந்த கடையில் யார் ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க எட்டி எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. உள்ளே நுழையப் பார்த்தேன். பூதிகோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், புதுசு, என்னைத் தெரியாது, வரிசையில் வாங்கம்மா என்று கண்டித்தாள். நான் வரிசையில் நின்றேன். இன்றுவரை என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அந்த நேரத்தில் யார் எதைச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன், அதுதான் நிஜம்.

என் முறை வந்தது. கல்லாவுக்குப் பின்னால், முழங்கை வரை மாவோடு, தலை நிமிராமல் ஒரு குரல் கேட்டது.

"எத்தன கிலோ?"

அடிக்கத்தான் கை ஓங்கினேன். கை போய் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை.

நடந்தது இதுதான். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் பன்னிரண்டரைக்குப் பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள். பிரவுசிங் சென்டர் கேபின்களில் ஒன்று மட்டும் இன்னும் கடையின் பின்மூலையில் நிற்கிறது, அதில் அரிசி மூட்டை போட்டு வைத்திருக்கிறேன். கோபத்தில் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மூட்டை மேல் சாய்ந்து, அழுது, தூங்கிவிட்டாள். கிரைண்டர் சத்தத்திலேயே வளர்ந்த பெண். சத்தம் நின்றதால்தான் விழிப்பே வந்ததாம். வெளியே வந்தால் கடையில் ஈ காக்கை இல்லை. இரண்டு டிரம்மிலும் மாவு பொங்கித் தரையெல்லாம் வழிகிறது, வாசலில் ஒரு அம்மாள் தூக்கோடு நிற்கிறாள். வரிசையில் இருந்தவர்கள் எனக்குச் சேதி எப்போதோ போயிருக்கும் என்று நினைத்துவிட்டார்கள், கடை போனுக்கு அடித்துப் பார்த்த ஒருத்திக்கும் லைன் கிடைக்கவில்லையாம்.

"டோக்கன் ஏண்டி எடுக்கல?" என்று கேட்டேன்.

"நீ ஏன் மாட்டாம போன? நீ உள்ளதான் கீறன்னு நெனச்சி பாத்ரூம் வரிக்கும் தேடுனேன்."

பலகையைப் பார்த்தேன். இரண்டாவது ஆணி காலி. சட்டம் போட்டவளே மாட்டாமல் போயிருக்கிறேன்.

வரிசை மொத்தமும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. திவ்யா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, சண்டைக்கு இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பத்தடி தூரத்துல படுத்துகினு இருந்தேம்மா. உனக்குத் தெரியல. பெங்களூருல இருந்தா மட்டும் இன்னா புதுசா தெரியாம பூடப் போவுது?"

மீதி மாவை அளந்து ஊற்றினேன். கூட்டம் கலைந்த பிறகு நானே அந்த பி.ஜி. அம்மாளுக்குப் போன் செய்து, பெண் கிடைத்துவிட்டாள், நாளைக்குக் கூட்டி வருகிறேன் என்றேன்.

திவ்யா கழுவிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

சாம்பாரில் வெல்லம்

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை விட்டேன். தயாளன் அரை நாள் லீவு சொல்லிவிட்டு எங்களோடு வந்தார்.

பி.ஜி.யில் நான் ஒரு இடம் விடவில்லை. குழாயைத் திறந்து பார்த்தேன், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன், கட்டிலில் படுத்துப் பார்த்தேன். சமையலறைக்குள் போய் சாம்பாரை வாங்கிக் குடித்துப் பார்த்தேன். வெல்லம் போட்டிருந்தார்கள். திவ்யாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சீலிங்கைப் பார்த்தாள்.

அந்த அம்மாள் பருமனாக, மூக்குத்தி போட்டுக்கொண்டு, போனில் கேட்டதைவிடச் சின்னக் குரலில் பேசினார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சுவாக்கில், முப்பது பெண்களுக்கு ராகி தோசை மாவு கிடைப்பதில்லை என்று வருத்தப்பட்டார். ராகி மாவா என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து திவ்யா நெற்றியில் அடித்துக்கொண்டாள். வாரத்துக்கு இரண்டு முறை ரயிலில் கொடுத்தனுப்புவதாகப் பேசி முடித்தேன். மகளை விடப் போன இடத்தில் வியாபாரம் பேசிய முதல் தாய் நானாகத்தான் இருப்பேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நல்ல ஆர்டர்.

கிளம்பும்போது திவ்யா வாசல் வரை வந்தாள். போய்ட்டு வரோம் என்றேன். சரிம்மா என்றாள். நான் அழவில்லை. பரவாயில்லையே செல்வி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் முறை

திரும்பும்போது என் கணவரின் வழக்கமான ரயில். இருபது வருஷமாக அவர் அதில் ஏறுவது தெரியும், உள்ளே அவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. தூங்குவார் என்று நினைத்திருந்தேன்.

அவர் தூங்கவில்லை. அவருக்கென்று ஒரு மூலை, ஒரு ஜன்னல், நாலு பேர் கொண்ட ஒரு சீட்டாட்டக் கூட்டம் இருந்தது. ஏறியதும் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். இன்னொருவர் மடியில் துண்டை விரித்தார். பொண்ண பி.ஜி.ல விட்டுட்டு வரோம் என்று தயாளன் சொன்னார். சீட்டைக் கலைத்துப் போட்டவர், ஒரு கை எனக்கும் சேர்த்துப் போட்டார்.

ஆடத் தெரியாது என்றேன். ஆட ஆடத் தெரியும்மா என்றார்.

ரம்மி. வரிசை சேர்க்க வேண்டும், வேண்டாததைக் கீழே போட வேண்டும், அவ்வளவுதான் என்று தயாளன் சொல்லிக் கொடுத்தார். மாலூர் தாண்டியது. கையில் இருந்த சீட்டில் ஒன்றில் கோமாளி மாதிரி ஒரு படம் இருந்தது. எதோடும் சேரவில்லை. எடுத்துக் கீழே போட்டேன்.

ஐயோ ஐயோ என்று நாலு பேரும் ஒன்றாகத் தலையில் கை வைத்தார்கள். ஜோக்கரைப் போய் யாராவது போடுவார்களா, கையிலிருக்கிற நல்ல சீட்டே அதுதானே என்றார் எதிரில் இருந்தவர். எடுத்துக்கொள்ளச் சொல்லலாமா, சட்டம் இடம் தருமா என்று வாதம் ஆரம்பித்தது.

தயாளன் அதிகம் பேசாதவர். தன் சீட்டுகளைத் துண்டின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"உடுங்கப்பா" என்றார். "நல்லதை எடுத்து வெளிய போட்ற நாளு இன்னிக்கு அவளுக்கு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பங்காரப்பேட்டை வரைக்கும் அழுதேன். ஒருவரும் ஆட்டத்தைத் தொடரவில்லை, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ரயில் மறுபடி கிளம்பியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் முறை என்று கேட்டேன். உங்க முறைதாம்மா என்றார்கள். ஒரு சீட்டை எடுத்தேன்.